அறுபத்தோர் ஓலைகளும் ஒரு வழிப்போக்கரும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் இந்நகரைப் பற்றிப் பெருமை கொள்ளத்தக்க செய்திகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று நம்மவரிலேயே பலர் அறியாதது. 1916-ஆம் ஆண்டில் பண்டிதர் ந. இராமசுவாமி சாஸ்திரியார் இந்நகரில் தனியார் நூலகம் ஒன்றிலிருந்த ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நூல்களின் இடையே செருகப்பட்டாற்போல அறுபத்தோர் ஓலைகள் கிடைத்தன. இடையிடையே சிதைந்தும், சில இடங்களில் பாட்டுகள் அற்றும் போயிருந்த அவ்வோலைகளே, 'மதுரா விஜயம்' எனவும் 'வீரகம்பராய சரிதம்' எனவும் வழங்கும் வடமொழிக் காவியமாகும். பின்னர் ஹரிஹர சாஸ்திரியார், சீனிவாச சாஸ்திரியார் ஆகிய இருவரும் இந்நகரிலேயே அதனை அச்சேற்றினர். 1957-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது.

இந்நகரத்து ஓலைகளுக்கு இது புதிதன்று. பாசருடைய நாடகங்கள் 13-உம் 1912 முதல் இங்கிருந்துதான் உலகுக்கு வந்தன. அவற்றைத் தேடிக்கண்ட கணபதி சாஸ்திரியார் திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்தவர். நம்மைப்போல் பிழைப்புக்கும் புலமைக்கும் இவ்வூரை நாடி வந்தவர். இது நிற்க.

'மதுரா விஜயம்' பாடியவர் ஒரு பெண்மணி. விசயநகர வேந்தர் முதலாம் புக்கரின் மைந்தராகிய குமார கம்பணரின் தேவி கங்காதேவியார். தம் கணவர் தெற்கே படையெடுத்து வந்து மதுரைச் சுல்தானை வென்ற வரலாறே காவியப் பொருள். பாண்டியர் தலைநகரில் சுல்தானா என்று வியக்கும் இளைஞர் இன்றும் உளர். ஆம், 1334-ஆம் ஆண்டை ஒட்டி மதுரையில் தில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஸன் கான் தம்மைத் தனியரசராக அறிவித்துக்கொண்டார். அன்று தொட்டு 1378 வரை, ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள், மதுரை ஒரு சுல்தானியமாக இருந்தது. அவர்கள் வெளியிட்ட காசுகள் இன்றும் கிடைக்கின்றன.

இந்தப் பழைய கதையை இப்பொழுது எழுதக் காரணம் நம் சங்கத்து ஆண்டுவிழாவே. இவ்வாண்டு இளைஞர் அணியினர் கம்பணரின் மதுரைப் படையெடுப்பை நாடகமாக்கத் துணிந்தனர். நல்ல முயற்சி. ஆனால், சுல்தான் வேடத்துக்கு ஆள் தேடிய பொழுது, எவரும் கூடிப் பேசாமலே எல்லார் விரலும் ஒருவனை நோக்கித் திரும்பியது. சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு வணிகம் செய்யும் ராவுத்தர் ஒருவரின் மகன் அவன். அந்தக் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டில் பேசுவது தமிழ். நம் சங்கத்தில் நம்மிற் பலரினும் மூத்த உறுப்பினர். பையன் மறுக்கவில்லை. ஒத்திகை முடிந்து வீட்டுக்குச் சென்றவன் தந்தையிடம், "அத்தா, மதுரையை நாமா பாழாக்கினோம்?" என்று கேட்டிருக்கிறான்.

ராவுத்தர் மறுநாள் கடையில் என்னைக் கண்டு இதைச் சொன்னார். சினம் இல்லை, குறையாகவும் சொல்லவில்லை. "அண்ணாச்சி, நீங்கள் நாலு நூல் படித்தவர்கள். பிள்ளைக்கு நான் என்ன விடை சொல்ல?" என்று மட்டுமே கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே விரித்து இங்கே எழுதுகிறேன். அது நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய விடையென்று எனக்குத் தோன்றுகிறது.

கங்காதேவியார் சொல்வதை முதலில் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுரையின் நிலையைக் கம்பணரிடம் முறையிட ஒரு தெய்வப் பெண் வந்து நிற்கிறாள். கோயில்கள் பாழ்பட்டன, தென்னந்தோப்புகள் வெட்டுண்டன, தென்னை நின்ற இடங்களில் இரும்புக் கழுமுனைகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றில் மனிதத் தலையோடுகள் தொங்குகின்றன என்று அவள் அழுகிறாள். இது காவியம், பாடியவர் வென்றவரின் மனைவி, ஆகவே பகைவரைப் பழிப்பது இயல்பே, மிகைப்படுத்தியிருப்பார் என்று சிலர் கருதலாம். நானும் அவ்வாறே ஐயுறுவேன், மற்றொரு சான்று இல்லாதிருந்தால்.

அந்த மற்றொரு சான்று ஒரு முஸ்லிம் நீதிபதியின் வாக்கு. மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின்கீழ் நீதிபதியாக இருந்தவர். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபொழுது புயலிற் சிக்கிச் சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். அப்பொழுது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தமகானி. தில்லியில் இருந்த காலத்தில் அஸன் கானின் மகளை மணந்தவர் பதூதா. அவளுடைய உடன்பிறந்தாளை மணந்தவர் கியாசுத்தீன். நம் வழக்கில் சொன்னால் இருவரும் சகலைகள். சுல்தானின் பாசறையில் விருந்தினராக இருந்து, அவரோடு காட்டுவழியே சென்றவர் இவர். அவ்வழியில் தாம் கண்டதை அவர் எழுதுகிறார்: காட்டில் பிடிபட்ட மக்களைக் கூரிய கழிகளைச் சுமக்கச் செய்து அழைத்துவருவார்கள், விடிந்ததும் பாசறையின் நான்கு வாயில்களிலும் அக்கழிகளை நட்டு அவர்களையே அவற்றில் ஏற்றுவார்கள், அவர்தம் பெண்டிரையும் குழவிகளையும் அங்கேயே கொல்வார்கள். இத்தகைய கொடுமையை வேறு எந்த மன்னனிடத்தும் தாம் கண்டதில்லை என்றும், இதன் பொருட்டே இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதூதா தீர்ப்பளிக்கிறார்.

கங்காதேவியாரின் கழுமுனைகளும் பதூதாவின் கழிகளும் ஒன்றையொன்று அறியாத இருவர் கூறியவை. ஒருவர் வடமொழியில், ஒருவர் அரபியில். ஒருவர் வென்றவரின் தேவி, மற்றவர் சுல்தானின் உறவினர். இருவரும் ஒன்றையே சொல்லும்பொழுது, கொடுமை நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இதை மூடி மறைத்து, அக்காலத்தில் எல்லாரும் இன்பமாக வாழ்ந்தனர் என்று பிள்ளைகளுக்குக் கதை கட்டுவது முறையன்று.

பதூதாவைக் குற்றமற்ற முனிவர் என்று நான் எண்ணவில்லை. மாலத்தீவின்மேல் படை அனுப்பும்படி அதே கியாசுத்தீனிடம் யோசனை சொன்னவரும் அவரே. சுல்தான் இறந்தமையால் அது நிறைவேறவில்லை. மாலத்தீவு மக்கள் தப்பினர்.

போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரின் முடிவையும் பதூதாவே கூறுகிறார். ஏறத்தாழ எண்பது வயதில், திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை வல்லாளர் முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் தங்கள் சுல்தானைக் கேட்டு விடை சொல்லத் தவணை வேண்டினர், அவர் இசைந்தார். அந்தத் தவணைக்குள் கியாசுத்தீன் விரைந்து வந்து, அயர்ந்திருந்த படையைத் தாக்கினார். பிடிபட்ட முதியவரை விடுவிப்பதாகச் சொல்லி அவருடைய பொருளையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்டு, பிறகு கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். நடந்தது 1342-ஐ ஒட்டி. பதூதா அதனைத் தம் கண்ணாற் கண்டார்.

நம் இளைஞர் இக்காட்சியை நாடகத்தில் சேர்த்திருக்கின்றனர். ஆனால் பதூதா அதே இடத்தில் சொல்லும் மற்றொரு செய்தியை அவர்கள் சேர்க்கவில்லை. வல்லாளரின் படையில் ஏறத்தாழ இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள்! பதூதா அவர்களை மதிக்கவில்லை. போக்கிரிகள், குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று ஏசுகிறார். அவர் ஏச்சு எப்படியாயினும், எண்ணிக்கையை அவர் ஏன் பொய்யாகச் சொல்லப்போகிறார்? மதுரைச் சுல்தானை எதிர்த்துக் கண்ணனூரைச் சூழ்ந்து நின்றவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதே உண்மை. அதற்கு முன்பே, 1311-இல் மாலிக் கபூர் பாண்டிநாட்டைச் சூறையாடிய பொழுதும், பாண்டியர் பக்கத்தில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை அமீர் குஸ்ரு எழுதிவைத்திருக்கிறார். பாண்டியருக்குக் குதிரை கொண்டுவந்து விற்ற அராபிய வணிகர் காயலில் தங்கியிருந்தனர். தகியுத்தீன் என்னும் முஸ்லிம் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் கூறுவர். சுல்தான் வருவதற்கு முன்பே முஸ்லிம்கள் தமிழகத்தில் வணிகராக, குடிகளாக, போர்வீரராக வாழ்ந்திருக்கின்றனர். மாலிக் கபூர் வருவதற்கு வழி திறந்துவிட்டதும், குலசேகர பாண்டியரின் மைந்தர் இருவர் அரியணைக்காகத் தம்முள் அடித்துக்கொண்டதே அன்றோ? அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக் கொல்லத்திலிருந்து நம் வேணாட்டு மன்னர் ரவிவர்ம குலசேகரரும் காஞ்சிவரை சென்று முடிசூடி வந்தார். வீடு இரண்டுபட்டால் வடக்கிலிருந்தும் வருவார்கள், மேற்கிலிருந்தும் வருவார்கள்.

மதுரையில் அப்பொழுது ஒரு கொள்ளைநோய் பரவியது. பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் மாண்டனர்; சுல்தானின் இல்லத்திலும் அது புகுந்தது. பதூதா அங்கிருந்து புறப்பட்டுக் கடல்வழியாக நமக்கு அண்மையிலுள்ள கொல்லத்தை அடைந்து, நோயுற்று மூன்று திங்கள் தங்கினார். பிறகு பல நாடுகள் சுற்றித் தாயகம் மீண்டு, 1350-இல் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினிலுள்ள கிரானடாவுக்குச் சென்றார். மதுரையில் சுல்தானின் பாசறையையும் கிரானடாவில் சுல்தானின் நகரையும் கண்ட அவரே, இரண்டு ஆட்சிகளையும் ஒப்பிட நமக்கு வாய்த்த வழிகாட்டி. கிரானடாவில் அவர் கண்ட துறவியருள் சமர்க்கந்துக்காரர் ஒருவர், தப்ரீஸ்காரர் ஒருவர். இந்தியர் இருவரும் இருந்தனர். பதினான்காம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் வரை சென்று குடியேறிய நம் நாட்டவர் இருவர்! எந்த ஊரினரோ, எந்த மொழியினரோ. ஒருவேளை அவர்களும் திங்கள்தோறும் கூடி ஊர்க்கதை பேசியிருப்பார்கள்.

ஸ்பெயினின் வரலாறு நீண்டது. 711-இல் தாரிக் என்னும் தளபதி கடல் கடந்தார். ஜிப்ரால்டர் என்னும் பெயரே 'தாரிக்கின் மலை' என்னும் அரபுத் தொடரின் திரிபு. 756-இல் கோர்தோபாவில் அரசு நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் ஒரு நாடு பெயர்ந்தவர். தம் குடும்பத்தார் வெட்டுண்டு மடிய, தப்பியோடி வந்த இளவரசர். கோர்தோபாவில் ஒரு பேரீச்ச மரத்தைக் கண்டு, நீயும் என்னைப்போல் பிறந்த மண்ணைப் பிரிந்தவன் அல்லவா என்னும் கருத்துப்பட அவர் பாடிய பாட்டை அரபு இலக்கியத்தில் புகழ்ந்து பேசுவர். கோர்தோபாவின் பெரும் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியவரும் அவரே. அந்நகரில் தோன்றியவர் தத்துவப் பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198). யூத அறிஞர் மைமோனிடீஸும் அங்குப் பிறந்தவரே. நீர்ப்பாசனத்தையும் நெல்லையும் கரும்பையும் அங்கே பரப்பியவர் அராபியர். அவர்கள் கொண்டுசென்ற கிச்சிலிப் பழத்துக்கு ஸ்பானியர் வழங்கும் பெயர் 'நராஞ்சா'. அரபு, பாரசீகம், வடமொழி வழியாகப் பின்னோக்கிச் சென்றால் அது நம் 'நாரத்தை'யோடு உறவுடைய சொல் என்பது அறிஞர் கருத்து.

இவ்வளவையும் கேட்டு, அங்கே பொற்காலம், இங்கே இருட்காலம் என்று கோடு கிழித்துவிடக் கூடாது. அந்தக் கிரானடாவிலேயே 1066-இல் யூதர்களைக் கூட்டமாகக் கொன்றனர். மைமோனிடீஸின் குடும்பம் அல்மோஹத் ஆட்சியின் வன்கண்மைக்கு அஞ்சிக் கோர்தோபாவை விட்டு ஓடியது. இப்னு ருஷ்துவும் முதுமையில் நாடு கடத்தப்பட்டார். ஆயினும், மதுரையில் தோன்றாத ஒன்று ஸ்பெயினில் தோன்றியது உண்மை. காரணம் எளிது. ஸ்பெயினில் வந்தவர்கள் ஊன்றினார்கள்; அந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள்; வாய்க்கால் வெட்டினார்கள்; பேரன் பேத்திகள் அந்த மண்ணையே தாய்மண் என்றனர். 1492 வரை 781 ஆண்டுகள் அதற்குக் கிடைத்தன. மதுரைச் சுல்தானியமோ கடைசிவரை ஒரு பாசறையாகவே இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஏழெட்டுச் சுல்தான்கள். ஒருவர் அம்பு பட்டு இறந்தார். அடுத்தவரை நாற்பது நாளில் கொன்றனர். தில்லியைப் பகைத்து, சுற்றிலும் பகைவர் சூழ, கொள்ளையால் படைக்குச் சம்பளம் கொடுத்த ஆட்சி எதைக் கட்டும்? யாரைப் போற்றும்?

முடிவு வந்த விதத்தில்தான் நான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. கிரானடா சரணடைந்தது 1492 சனவரி 2-ஆம் நாள். அங்குள்ள முஸ்லிம்களின் சமயத்துக்கும் மொழிக்கும் உடைக்கும் தீங்கு நேராது என்று உடன்படிக்கையில் உறுதி கூறியிருந்தனர். பத்து ஆண்டு கழிவதற்குள் அந்த உறுதி காற்றில் பறந்தது. கட்டாய மதமாற்றம் நிகழ்ந்தது. 1567-இல் அரபு பேசுவதற்கும் தடை வந்தது. ஈற்றில், 1609 முதல் 1614 வரை, மதம் மாறியிருந்தவர்களின் சந்ததியாரையும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரைக் கப்பலேற்றி வெளியேற்றினர். அவர்கள் பேசியது பெரும்பாலும் ஸ்பானிய மொழி. உண்டது அந்த மண்ணின் சோறு. அரசு வீழ்ந்ததோடு நில்லாமல் மக்களையும் வேரோடு பிடுங்கினர்.

தமிழகத்தில் அது நடக்கவில்லை. கம்பணரின் படை மதுரையை வென்றது 1371-ஐ ஒட்டி. 1378-இல் சுல்தானியம் அடியோடு மறைந்தது. 1323-இல் படையெடுப்புக்கு அஞ்சித் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட அழகிய மணவாளர் கேரளநாடு, மேல்கோட்டை, திருப்பதி என்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, 1371-இல் கம்பணரின் தளபதி கோபணரால் மீண்டும் கோயில் சேர்ந்தார். மதுரைச் சொக்கர் நம் நாஞ்சில் நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தார் என்பது கோயில் மரபு. தெய்வங்களே குடிபெயர்ந்த காலம் அது. அத்தனை துன்பத்துக்குப் பிறகும், திருவரங்கத்தார் தம் கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னதி வைத்தனர். அரங்கனைக் காதலித்த தில்லிச் சுல்தானின் மகள் அவள் என்பர். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. கதை வரலாறு ஆகுமா என்று கேட்பவர்க்கு என்னிடம் விடையில்லை. சன்னதி இருப்பது கண்கூடு. மதுரையிலோ, கோரிப்பாளையம் தர்காவுக்குரிய பழைய கொடைகளை 1573-இல் வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததற்குக் கல்வெட்டுச் சான்றே உண்டு. சுல்தான் போனார், ராவுத்தர் போகவில்லை. போகச் சொன்னவரும் இல்லை.

ராவுத்தரிடம் இவ்வளவும் சொன்னேன். அவர் கல்லாப்பெட்டியின்மேல் கைவைத்தபடி நெடுநேரம் கேட்டிருந்தார். இடையே வந்தவர்களுக்குக் கொத்தமல்லியும் மிளகும் நிறுத்துக் கொடுத்தார். முடிவில், "இதை அவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், அண்ணாச்சி. என் மகனுக்கு மட்டும் சொன்னால் போதாது" என்றார்.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு இரு நூல்களின் மொழிபெயர்ப்பையும் கொண்டு சென்றேன். கங்காதேவியாரின் எட்டாம் சருக்கத்தையும் பதூதாவின் பாசறைப் பகுதியையும் அடுத்தடுத்துப் படித்தோம். கழுமரப் பகுதியில் ஒருவரும் பேசவில்லை. இருபதாயிரம் என்ற இடம் வந்ததும் நாடகத்தை எழுதிய இளைஞர் புத்தகத்தை வாங்கி இருமுறை படித்துப் பார்த்தார். நாடகத்தின் பெயரும் முடிவும் மாறவில்லை. மாற்றும்படி நானும் கேட்கவில்லை. காடு வழியே செல்லும் காட்சியில் பதூதாவுக்கு ஓர் இடம் வகுத்திருக்கிறார்கள். சுல்தான் வேடம் சீட்டுக் குலுக்கலில் கரமனையைச் சேர்ந்த ஓர் ஐயர் வீட்டுப் பையனுக்கு விழுந்தது. தாடி ஒட்டும் பசை அரிக்கிறதென்பதைத் தவிர அவனுக்கு வேறு குறையில்லை.

ராவுத்தரின் மகனைப் பதூதாவாக நடிக்கச் சொன்னார்கள். நீண்ட வசனம், நல்ல வேடம். அவன் வேண்டாமென்று சொல்லி, வல்லாளரின் படைவீரனாக வருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவ்வேடத்துக்கு வசனமே கிடையாது. முதற் காட்சியில் வேலேந்தி நின்று, மூன்றாம் காட்சியில் வீழ வேண்டும். அவனைக் கண்டு வேறு இருவரும் அப்படையில் சேர்ந்திருக்கிறார்கள்.

ஒத்திகை ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நடைபெறுகிறது. வல்லாளரின் படைக்கு இன்னும் ஆள் வேண்டும்; பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.